ஜன்னலில் இருந்து லிஃப்ட் வரை எத்தனை அடி?

காலியாகக் கிடக்கிற அலுவலகங்களை எல்லாம் வீடுகளாக மாற்றிவிட்டால் என்ன? 2020-க்குப் பிறகு பெரிய நகரம் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஆளில்லாத மாடிகள், இன்னொரு பக்கம் வீடு கிடைக்காத ஜனங்கள், இரண்டையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் மாறிய கட்டடங்களையும் மாறாதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். 1910-லும் 1930-லும் கட்டியவை வீடு, ஹோட்டல், கடை என்று ஓரளவு சுலபமாக உருமாறிவிடுகின்றன. 1970-களில் கட்டிய கண்ணாடிப் பெட்டிகள்தான் முரண்டு பிடிக்கின்றன. வயசு ஏற ஏறச் சிரமம்தானே கூட வேண்டும்? ஏன் தலைகீழாக இருக்கிறது?

விடை வெளிச்சத்தில் இருக்கிறது. குழல் விளக்கு விற்பனைக்கு வந்தது 1938-ல். முழுக்க ஏசி செய்த முதல் உயரமான அலுவலகக் கட்டடம் என்று சொல்லப்படும் மைலம் பில்டிங், அமெரிக்காவின் சான் அன்டோனியோவில், 1928-ல்தான் திறந்தது. அதற்கு முன்னால் ஒரு குமாஸ்தா கணக்கெழுத வேண்டுமென்றால் அவர் மேஜைக்குப் பகல் வெளிச்சம் வந்தாக வேண்டும், காற்றுக்கு ஜன்னல் திறந்தாக வேண்டும். ஜன்னலை விட்டு 25, 30 அடிக்கு மேல் உள்ளே தள்ளியிருந்த இடத்துக்கு நல்ல வாடகை தர ஆளில்லை. அதனால் கட்டடங்களை ஒல்லியாகக் கட்டினார்கள். மனை அகலமாக இருந்தால் நடுவில் திறந்தவெளி விட்டு, ஆங்கில யு எழுத்து போலவோ எச் எழுத்து போலவோ வளைத்துக் கட்டினார்கள். சிகாகோவில் 1891-ல் எழுந்த மொனாட்நாக் பில்டிங்கின் அகலம் வெறும் 66 அடி. நடுவே ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள், எந்த அறைக்குள் போனாலும் ஜன்னல். அது இன்றைக்கும் அலுவலகமாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதன் தளப்படத்தை மட்டும் காட்டி இது என்னவென்று கேட்டால் அபார்ட்மென்ட் என்றுதான் சொல்வோம்.

குழல் விளக்கும் ஏசியும் சேர்ந்து வந்ததும் இந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. தளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு லாபம் என்று ஆனது. ஜன்னலுக்கும் நடுவிலுள்ள லிஃப்ட், படிக்கட்டுத் தொகுதிக்கும் இடையே 50, 60 அடி விட்டுக் கட்டினார்கள். மேஜை போட்டு உட்கார அது போதும். குடித்தனம் நடத்த?

வீட்டுக்கான விதி பெரும்பாலான நாடுகளில் ஏறக்குறைய ஒன்றுதான்: படுக்கையறைக்கும் கூடத்துக்கும் ஜன்னல் வேண்டும். குளியலறை, சமையல் மேடை, துணி அலமாரி, நடை ஆகியவற்றுக்கு வேண்டியதில்லை. ஆக, 30 அடி ஆழமுள்ள இடம் கிடைத்தால் முன்னால் கூடமும் படுக்கையறையும், பின்னால் குளியலறையும் அலமாரியும் என்று வீடு தானாகவே அமைந்துவிடும். 40 அடி என்றால் கொஞ்சம் நெளிய வேண்டும். 55 அடி என்றால் வீட்டின் பின்பாதி முழுவதும் இருட்டு. அந்த இருட்டறையைப் படுக்கையறை என்று எழுத முடியாது, சட்டம் விடாது. அதனால் விற்பனைப் படத்தில் அதற்கு 'ஹோம் ஆபீஸ்' என்று பெயர் வைப்பார்கள். மாற்றிய கட்டடத்தில் வீடு பார்க்கிற யாரும் படத்தில் அந்த வார்த்தை எத்தனை தடவை வருகிறது என்று ஒரு கண் போட்டுக்கொள்வது நல்லது.

நியூயார்க்கின் வுல்வொர்த் பில்டிங்கை எடுத்துக்கொள்வோம். சில்லறைச் சாமான் கடைகள் நடத்திப் பணம் சேர்த்த ஃபிராங்க் வுல்வொர்த், 1 கோடியே 35 லட்சம் டாலரை ரொக்கமாகக் கொடுத்துக் கட்டியது. வரைந்தவர் காஸ் கில்பர்ட். 1913-ல் திறந்தபோது 792 அடி உயரம், 1930 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். கீழ்ப்பகுதி யு வடிவம், வெளிச்சத்துக்காக ஒரு பக்கம் திறந்த முற்றம். அதன் மேலே ஏறுகிற கோபுரம் ஒல்லி, பக்கத்துக்கு ஏறக்குறைய 85 அடி. நடுவில் லிஃப்டுகளைக் கழித்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சில எட்டுகளில் ஜன்னல். 2012-ல் மேலுள்ள 30 மாடிகளை மட்டும் ஒரு நிறுவனம் 6 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கி வீடுகளாக்கியது. மொத்தம் முப்பதுக்குச் சற்று மேல்தான் வீடுகள், ஆகவே ஒவ்வொன்றும் பெரிது. கீழே அலுவலகங்கள் அப்படியே இருக்கின்றன. குடியிருப்போருக்குப் பார்க் பிளேஸ் என்ற பக்கத்துத் தெருவில் தனி வாசல்.

ஒரே கட்டடத்தில் வீடு, அலுவலகம், கடை எல்லாம் இருக்கும் கலப்புப் பயன்பாடு என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைப்பது கஷ்டம். கீழே அகலமான தளங்கள், அவை அலுவலகத்துக்குத் தோது. மேலே ஒல்லியான தளங்கள், அவை வீட்டுக்குத் தோது. யாரோ உட்கார்ந்து கொள்கை வகுத்து வந்ததல்ல இந்தப் பிரிவு, கட்டடத்தின் உடம்பே அப்படிப் பிரிந்திருக்கிறது. பெரும்பாலான பழைய கட்டடங்களிலும் இதுதான் நடக்கிறது. தரைத்தளம் தெருவைப் பார்த்திருக்கிறது, கூரையும் உயரம், ஆகவே கடை. அதற்கு மேல் அகலமான நாலைந்து தளங்கள், அவற்றில் அலுவலகம் அல்லது ஹோட்டல். உச்சியில் வீடு.

அந்த உச்சி ஒல்லியானதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதையும் உண்டு, நியூயார்க்கைப் பொறுத்தவரையில். 1915-ல் அங்கே எக்விட்டபிள் பில்டிங் என்று ஒன்று எழுந்தது. ஒரு ஏக்கருக்கும் குறைவான மனையில் 12 லட்சம் சதுர அடி, தெரு ஓரத்திலிருந்து நேரே செங்குத்தாக. அக்கம்பக்கத்துக் கட்டடங்களெல்லாம் அதன் நிழலில் மூழ்கின. அந்தக் கூச்சலும் சேர்ந்துதான் 1916-ல் மண்டல விதி வந்தது: உயரம் ஏற ஏறக் கட்டடம் தெருவை விட்டுப் பின்வாங்க வேண்டும். 1920-களிலும் 30-களிலும் வந்த கட்டடங்கள் படிபடியாக ஒடுங்கிப் போவது இதனால்தான். தெருவுக்கு வெயில் வரட்டும் என்று போட்ட விதி. ஆனால் நூறு வருடம் கழித்து அந்தப் படி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியாகி, அதற்காகவே விலை ஏறியிருக்கிறது.

ஒன் வால் ஸ்ட்ரீட் அப்படிப்பட்ட ஒன்று. ரால்ஃப் வாக்கர் வரைந்து, இர்விங் டிரஸ்ட் என்ற வங்கிக்காக 1931-ல் முடிந்த 50 மாடி. 2014-ல் 58 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இப்போது 566 வீடுகள். கீழே கடைகள். அங்கே ரெட் ரூம் என்று ஒரு கூடம் இருக்கிறது. ஹில்ட்ரெத் மெயேர் வடிவமைத்த மொசைக், சுவரின் அடியில் அடர் சிவப்பில் தொடங்கி மேலே போகப் போகத் தங்க நிறமாகக் கரையும். வங்கியின் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பேசிய இடம் அது. பிற்காலத்தில் பல வருடங்கள் வெளியாள் நுழைய முடியாமல் மூடிக் கிடந்தது. 2024-ல் நகர நிர்வாகம் அந்த உட்புறத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 2025 மார்ச்சில் பாரிஸைச் சேர்ந்த பிரான்தாம் அங்கே கடை திறந்தபோது, அந்தக் கூடம் செருப்பு விற்கும் பகுதியானது. முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடீஸ்வரர்கள் மட்டும் நுழைந்த அறைக்குள் இன்று யார் வேண்டுமானாலும் ஒன்றும் வாங்காமல் சும்மா போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம்.

சரி, வெளிச்சம் இருக்கிறது, வடிவம் இருக்கிறது. அப்புறம்தான் உண்மையான தலைவலி தொடங்குகிறது: தண்ணீர்.

ஒரு அலுவலகத் தளத்தில் கழிப்பறை ஒரு மூலையில், இரண்டு தொகுதி இருந்தால் அதிகம். அதே தளத்தில் பத்து வீடு வந்தால் பத்துச் சமையலறை, பத்துப் பதினைந்து குளியலறை. ஒவ்வொன்றிலிருந்தும் கழிவுநீர் நேராகக் கீழே இறங்க வேண்டும், மேலே காற்றுப் போக்கிக் குழாய் ஏற வேண்டும். அதாவது மேல் தளத்திலிருந்து கீழ்த் தளம் வரை ஒரே செங்குத்துக் கோட்டில் ஓட்டைகள். 1900-களின் தொடக்கத்து அமெரிக்கக் கட்டடங்கள் பலவற்றில் தளம் காங்கிரீட் கிடையாது. எஃகு உத்தரங்களுக்கு இடையே உள்ளீடற்ற சுடுமண் கட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கிய தட்டையான வளைவு. கட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால்தான் அது நிற்கிறது. கண்ட இடத்தில் டிரில் போட்டால் ஒரு கட்டி மட்டும் போகாது, அந்த வரிசையே தொய்ந்துவிடும். அதனால் ஓட்டை போடுவதற்கு முன் சுற்றிலும் எஃகுச் சட்டம் கட்ட வேண்டும். பிற்காலக் கட்டடங்களிலும் நிம்மதி இல்லை, அங்கே காங்கிரீட்டுக்குள் விறைப்பாக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் இருக்கலாம். அதில் ஒன்றை அறுத்தால் என்ன ஆகும் என்பதைப் பொறியாளர்கள் கேட்கவே விரும்புவதில்லை. எந்தத் தளத்தில் எங்கே கம்பி ஓடுகிறது என்று முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

இதற்கு ஈடுகட்டுவதுபோல் இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. அலுவலகத்தில் எல்லோரும் காலை ஒன்பது மணிக்கு ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், ஆகவே லிஃப்டுகள் ஏராளம். வீட்டுக்காரர்கள் போவதும் வருவதும் நாள் முழுக்கப் பரவியிருக்கும், பாதி லிஃப்ட் போதும். மிச்சமாகும் லிஃப்ட் கிணறுகள் அடியிலிருந்து உச்சி வரை ஏற்கெனவே துளைத்து வைத்த வழிகள். புதுக் குழாய், கேபிள், காற்றுக் குழாய் எல்லாம் அதற்குள்ளேயே ஏறிவிடும். இரண்டாவது, பாரம். அமெரிக்கக் கணக்கில் அலுவலகத் தளம் சதுர அடிக்கு 50 பவுண்டு நடமாட்டப் பாரம் தாங்க வேண்டும், வீட்டுத் தளத்துக்கு 40 போதும். கோப்பு அலமாரிகளுக்காகக் கட்டிய தளத்தில் கட்டிலும் சோபாவும் போட்டால் கட்டடத்துக்குச் சுமை குறைகிறது.

முகப்பைப் பற்றியும் கொஞ்சம். வெளியே கல்லாகத் தெரிவது பல நேரம் கல் இல்லை, மெருகேற்றிய சுடுமண். உள்ளே இருக்கும் எஃகுக்கு ஈரம் போனால் துருப்பிடிக்கும், துரு பருக்கும், பருத்த துரு முன்னாலிருக்கும் சுடுமண்ணைத் தள்ளி உடைக்கும். வுல்வொர்த் பில்டிங்கில் 1977 முதல் 1981 வரை நடந்த சீரமைப்பில் சுமார் 26,000 சுடுமண் துண்டுகளை எடுத்துவிட்டுக் காங்கிரீட் வார்ப்புகளை வைத்தார்கள். ஜன்னலை மாற்றுவதாக இருந்தால் சட்டத்தின் தடிமன், கண்ணாடி உள்வாங்கியிருக்கும் அளவு எல்லாம் பழையது போலவே வரவேண்டும் என்று பழைய கட்டடங்களைக் காக்கும் பாரம்பரியக் குழு நிற்கும். அப்படி நிற்பதும் சரிதான்; நல்ல முகப்பைக் கெடுப்பதற்கு மோசமான ஜன்னல் ஒன்றே போதும்.

இந்தக் குழுக்களுக்கும் கட்டுபவர்களுக்கும் உண்மையான இழுபறி உள்ளேதான். அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட பழைய கட்டடத்தைச் சீரமைத்தால் தகுதியான செலவில் 20 சதவீதம் மத்திய அரசின் வரிக்கழிவாகத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும், அதாவது வாடகை வீடு, ஹோட்டல், கடை, அலுவலகம். தனித்தனியாக விற்கிற வீடுகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதனால்தான் ஒரே மாதிரியான இரண்டு பழைய கட்டடங்களில் ஒன்று ஹோட்டலாகவும் இன்னொன்று சொகுசு வீடாகவும் முடிகிறது. வித்தியாசம் பெரும்பாலும் கணக்கு நோட்டில்தான் இருக்கும். வரிக்கழிவு வேண்டுமென்றால் முக்கியமான உட்புறங்களைத் தொடக்கூடாது. நுழைவுக்கூடம் எப்படியும் தப்பிவிடும், அது விற்பனைக்கும் உதவும். சிக்கல் மேல்மாடி நடைகளில். பளிங்கு பதித்த அகலமான நடை, இரண்டு பக்கமும் மங்கல் கண்ணாடி போட்ட மரக்கதவுகள், லிஃப்ட் பக்கத்தில் மாடிக்கு மாடி இறங்கும் பித்தளைக் கடிதக் குழாய். எந்த மாடியிலிருந்தும் கடிதத்தைப் போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் அது விழுந்துகொண்டே போவது தெரியும், 1880-களில் ராச்செஸ்டரில் ஜேம்ஸ் கட்லர் கொண்டுவந்த ஏற்பாடு. கடிதம் சிக்கிக்கொள்ளும், தீ பிடித்தால் புகை ஏறும் என்பதால் 1997-ல் புதிதாக வைப்பதை அங்கே தீப்பாதுகாப்பு விதி தடுத்துவிட்டது. பழையவை பல மாற்றப்பட்ட கட்டடங்களில் வேலை செய்யாமல் பளபளப்பாக மட்டும் இருக்கின்றன. அந்த நடையை அப்படியே விட்டால் வீட்டுக்கான இடம் குறைகிறது, இடித்தால் வரிக்கழிவு போகிறது. இரண்டில் எது லாபம் என்று ஒரு கணக்காளர் உட்கார்ந்து பார்த்துத்தான் பளிங்கின் தலைவிதி முடிவாகிறது.

லண்டனில் லட்யன்ஸ் வரைந்த மிட்லண்ட் வங்கித் தலைமையகம் 2017-ல் 'தி நெட்' என்ற ஹோட்டலாகத் திறந்தபோது வங்கிக் கூடத்தின் 92 பச்சைக்கல் தூண்களும் மர கவுன்ட்டர்களும் நின்ற இடத்திலேயே நின்றன, நடுநடுவே உணவகங்கள் வந்தன. அடித்தளத்துப் பெட்டக அறை மதுக்கூடமாகிவிட்டது, சுவர் பூராவும் பழைய லாக்கர் கதவுகள். பெட்டக அறைகள் எங்கே போனாலும் மதுக்கூடமாகவே முடிவதற்குக் காரணம் ரசனை மட்டுமில்லை: அந்தச் சுவரை உடைக்கச் செலவு அதிகம், ஜன்னலும் கிடையாது, வேறு எதற்கும் ஆகாது.

சிங்கப்பூரின் ஃபுல்லர்டன் கட்டடம் இந்த வரிசையில் வேறு ரகம். 1928-ல் திறந்தபோதே அது கலவைதான்: தலைமைத் தபால் நிலையம், வர்த்தக சபை, வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்ச் கூடம், சிங்கப்பூர் கிளப், அரசு அலுவலகங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கப்பலுக்குப் போகும் தபால் மூட்டைகளுக்காகச் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வேறு. 1958-ல் உச்சியில் வைத்த கலங்கரை விளக்கு கூட இருந்தது. 2001-ல் அது ஹோட்டலாகத் திறந்தது, விளக்கு இருந்த இடம் உணவகமாகியது, 2015-ல் தேசிய நினைவுச்சின்னம். பல வேலைகள் ஒரே கட்டடத்துக்குள் நடப்பதை இன்று புதுச் சிந்தனையாக விற்கிறார்கள்; ஒற்றை வேலைக்கென்று கட்டடம் எழுப்பி, ராத்திரி ஏழு மணிக்கு மேல் தெருவையே அணைத்துவிடுகிற பழக்கம்தான் நடுவில் வந்தது.

மன்ஹாட்டனின் தென்முனை அப்படித்தான் அணைந்து கிடந்தது. 1987 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு 1990-களின் தொடக்கத்தில் அங்கே அலுவலக இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலி. 1995-ல் 421-ஜி என்ற வரிச்சலுகை வந்து, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சுமார் 13,000 வீடுகள் பழைய அலுவலகங்களுக்குள் உருவாயின. தெருவுக்கு உயிர் வந்தது நிஜம். யாருக்கான வீடு என்று கேட்டால்தான் பதில் சங்கடமாக இருக்கிறது. வுல்வொர்த் உச்சி வீட்டுக்கு 2017-ல் கேட்ட விலை 11 கோடி டாலர். கடைசியில் 2023-ல் 3 கோடிக்கு விற்றது. இதை வைத்து வீட்டுப் பஞ்சம் தீர்ந்தது என்று எவரும் சொல்ல முடியாது. 2024-ல் நியூயார்க் கொண்டுவந்த புதிய சலுகையில், மாற்றுகிற வாடகை வீடுகளில் 25 சதவீதமாவது கட்டுப்பாடான வாடகைக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. முப்பது வருடம் முன்பே வைத்திருக்கலாம்.

விதியைத் தளர்த்திவிட்டு ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து காட்டிவிட்டது. 2013-ல் முழுத் திட்ட அனுமதி இல்லாமலே அலுவலகத்தை வீடாக்கலாம் என்று அங்கே திறந்துவிட்டார்கள். ஹார்லோ நகரின் டெர்மினஸ் ஹவுஸ் போன்ற கட்டடங்களில் 18 சதுர மீட்டர் அளவில் கூட வீடுகள் வந்தன. சில இடங்களில் ஜன்னலே இல்லாத குடியிருப்புக்கும் விண்ணப்பம் போனது. படுக்கையறை, கூடம் மாதிரி ஆட்கள் புழங்கும் ஒவ்வொரு அறைக்கும் இயற்கை வெளிச்சம் வேண்டும் என்று 2020-ல் விதி சேர்த்தார்கள், 2021 ஏப்ரல் முதல் குறைந்தபட்சம் 37 சதுர மீட்டர் என்றார்கள்.

இப்போது முதலில் சொன்ன முரண்டுக்கார ரகத்துக்கு வருவோம், ஆழமான தளம் கொண்டவை. மன்ஹாட்டனின் 25 வாட்டர் ஸ்ட்ரீட் 1969-ல் ஒரு வங்கியின் பின்புல வேலைகளுக்காகக் கட்டிய 22 மாடிச் செங்கல் பெட்டி. ஜன்னல்கள் வெறும் கீறல்கள். அதை வீடாக்கியவர்கள் கட்டடத்தின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு முற்றங்களை வெட்டி எடுத்தார்கள், அதாவது 1913-ல் காஸ் கில்பர்ட் கட்டும்போதே விட்ட திறந்தவெளியை இவர்கள் கட்டடம் எழுந்து அரை நூற்றாண்டு கழித்துத் தோண்டினார்கள். நடுவில் இழந்த சதுர அடியை உச்சியில் 10 மாடியாக ஏற்றிக்கொண்டார்கள். கணக்கு நேராகிவிட்டது. முகப்பைத் திறந்து பெரிய ஜன்னல்கள் போட்டு, சுமார் 1,300 வீடுகள், 2025-ல் ஆட்கள் குடிவந்தார்கள்.

ஆனால் இது எல்லா ஊருக்கும் செல்லாது. மேலே மாடி ஏற்ற விதி இடம் கொடுக்க வேண்டும், அடித்தளமும் தூணும் தாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் வாடகை இந்தச் செலவைத் திருப்பித் தரும் அளவுக்கு இருக்க வேண்டும். வாடகை குறைவான ஊரில் யாரும் கட்டடத்தின் வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். கனடாவின் கால்கரியில் எண்ணெய் விலை சரிந்தபின் நகர மையம் காலியானது. 2021-ல் நகராட்சியே மாற்றும் இடத்துக்குச் சதுர அடிக்கு 75 கனடிய டாலர் வரை மானியம் கொடுக்கத் தொடங்கியது. 2031-க்குள் 60 லட்சம் சதுர அடி அலுவலகத்தை ஒழிப்பது குறி. நியூயார்க் 2024 டிசம்பரில் விதியைத் திருத்தி, 1990 வரை கட்டிய அலுவலகங்களும் வீடாக மாறலாம் என்று எல்லையைத் தள்ளி வைத்தது. அதுவரை பல பகுதிகளில் 1961-க்கு முந்தையவற்றுக்குத்தான் அந்த வாய்ப்பு. புதிதாக வரிசைக்கு வந்திருக்கும் அந்த 60, 70, 80-களின் கட்டடங்களில் பெரும்பாலானவை 50 அடிக்கு மேல் ஆழமுள்ளவை.